ட்வீட்டர் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

நீங்க கேட்டது சுருக்கமா இது தான். வீட்ல நாலு பேர் கூடினப்போ ரொம்ப நேரம் சத்தமா பாட்டு ஓடியிருக்கு, மறுநாள்ல இருந்து இடது ஸ்பீக்கர் போர்வை போத்தின மாதிரி மந்தமா கேக்குது, போதாக்குறைக்கு வலது ஸ்பீக்கர்ல குழந்தை விரலை வச்சு அழுத்தி ட்வீட்டரோட (ட்ரெபிள் சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) டோம், அதாவது நடுவுல கவுத்த கிண்ணம் மாதிரி இருக்கிற பாகம், உள்ள போயிருக்கு, பார்த்த மெக்கானிக் ரெண்டு ட்வீட்டரையும் கிராஸ்ஓவரையும் (பேஸையும் ட்ரெபிளையும் பிரிச்சு அனுப்புற சர்க்யூட்) சேர்த்து மாத்திடலாம்னு சொல்லிட்டாரு, மாத்தலாமா வேணாமா, ஆம்பையும் மாத்தணுமா. என் பதில் என்னன்னா இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. ட்வீட்டர் செத்துப்போச்சா, செத்திருந்தா எது கொன்னுச்சுன்னு தெரியாம புதுசு போட்டா அதுவும் அதே வழியில போகும். நான் அப்படி பணத்தை விட்டவன், அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஸ்பீக்கரை திறக்காமலே பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆம்ப் பின்னாடி லெஃப்ட் ரைட் ஸ்பீக்கர் வயரை இடம் மாத்தி போடுங்க (ஆம்பை ஆஃப் பண்ணிட்டு தான்). மந்தம் அந்த ஸ்பீக்கரோடயே இருந்தா கோளாறு ஸ்பீக்கர்ல, மந்தம் அடுத்த ஸ்பீக்கருக்கு தாவிடுச்சுன்னா கோளாறு ஆம்ப்லயோ அதுக்கு முன்னாடியோ இருக்கு, ட்வீட்டரை குத்தம் சொல்ல முடியாது. இதை பண்ணாம ஸ்பீக்கரை கழட்டினவங்க நிறைய பேரை பார்த்திருக்கேன். ரெண்டாவது, டிஷ்யூ ரோல் உள்ள இருக்குமே அந்த அட்டைக்குழாய், அதை ஒரு முனை காதுல, இன்னொரு முனை ட்வீட்டருக்கு பக்கத்துல (டோம் மேல படாம) வச்சு சின்ன வால்யூம்ல கேளுங்க. வூஃபர் (பேஸ் தர்ற பெரிய ஸ்பீக்கர்) சத்தம் பக்கத்துல இருக்குறப்போ ட்வீட்டர் ஓடுதா இல்லையான்னு வெறும் காதுல பிரிச்சு சொல்றது கஷ்டம், குழாய் வச்சா உடனே தெரிஞ்சிடும். பாட்டை விட பிங்க் நாய்ஸ் போட்டு கேட்டா இன்னும் நல்லது, மழை பெய்யுற மாதிரி ஒரே சீரா வரும், இடதும் வலதும் ஒப்பிட சுலபம். டெஸ்ட் டோன் போடறதா இருந்தா 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் போடுங்க, வயசாக ஆக எல்லாருக்கும் மேல் பக்க ஃப்ரீக்வென்சி காதுல குறைஞ்சுக்கிட்டே வரும், 15,000 போட்டு ஒண்ணும் கேக்கலன்னு ட்வீட்டரை தூக்கி போட்டுடக் கூடாது. வால்யூம் ரொம்ப கம்மியா இருக்கணும், தொடர்ச்சியான டோன் ட்வீட்டருக்கு பாட்டை விட பல மடங்கு பாரம், டெஸ்ட் பண்றேன்னு சொல்லியே நல்ல ட்வீட்டரை எரிச்சவங்க உண்டு.

இன்னொரு விஷயம், சில ஸ்பீக்கர்ல ட்வீட்டரை காப்பாத்தறதுக்குன்னே சீரிஸ்ல ஒரு பாலிஸ்விட்ச் வச்சிருப்பாங்க, சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்டை அடக்கிடும், ஆறினா திரும்ப விட்டுடும். சத்தமா ஓடும்போது ட்ரெபிள் திடீர்னு காணாம போய், கொஞ்ச நேரம் கழிச்சு தானா வந்தா அது தான் காரணம், எதுவும் கெடல. உங்களுக்கு மறுநாளும் மந்தமாவே இருக்குங்கறதால அது இல்லன்னு வச்சுக்கலாம். சில பழைய டிசைன்ல இதே வேலைக்கு ஒரு சின்ன பல்பு இருக்கும், சிலதுல ஃபியூஸ் இருக்கும், ஃபியூஸ் போயிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம் தான், அதே ஆம்பியர் ஃபியூஸ் போட்டா முடிஞ்சுது.

சரி இப்போ திறக்கணும். இதுல ஒரு இடம் தான் ரொம்ப ஆபத்து. ஸ்பீக்கரை முதுகு கீழ இருக்கிற மாதிரி படுக்க வச்சு ஸ்க்ரூ கழட்டுவீங்க, ட்வீட்டர் காந்தம் ஃபேஸ்பிளேட்டுக்கு (டோமை சுத்தி இருக்கிற முன்பக்க தட்டு) நேர் பின்னாடி இருக்கு, ஸ்டீல் ஸ்க்ரூடிரைவரை கிட்ட கொண்டு போனாலே கையில ஒரு இழுப்பு தெரியும், ஸ்க்ரூ தலையில இருந்து முனை லேசா வழுக்குச்சுன்னா அது போய் நிக்குற இடம் டோம். கண்ணை மூடி திறக்கிறதுக்குள்ள ஓட்டை விழுந்துடும். அதனால டோமை மூடுற அளவுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியை கவுத்து வச்சு சுத்தி டேப் போட்டுட்டு அப்புறம் கை வைங்க, ஸ்க்ரூ தலைக்கு சரியா உக்கார்ற பிட் எடுங்க, ஒரு கையால டிரைவரோட கம்பியை பிடிச்சுக்கிட்டே திருப்புங்க. வெளிய எடுத்ததும் வயரை புடுங்காதீங்க, எந்த கலர் எந்த முனையில இருக்குன்னு போட்டோ எடுத்துட்டு தான் கழட்டணும். சிவப்பு வயர் ப்ளஸ்ல தான் இருக்கணும்னு அவசியம் இல்ல, செகண்ட் ஆர்டர் கிராஸ்ஓவர்ல (கெப்பாசிட்டரும் காயிலும் சேர்ந்த வகை) வேணும்னே ட்வீட்டரை திருப்பி கனெக்ட் பண்ணியிருப்பாங்க, நீங்க "சரி பண்றேன்"னு மாத்தினா கிராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சி பக்கம் சத்தம் பள்ளம் விழுந்துடும்.

மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ட்வீட்டரோட ரெண்டு முனையில அளங்க, ஒரு வயரையாவது கழட்டிட்டு தான் அளக்கணும், இது ரொம்ப முக்கியம். வயர் மாட்டியிருக்கும்போது அளந்தா கிராஸ்ஓவர்ல ட்வீட்டருக்கு பேரலலா இருக்கிற காயிலை தான் மீட்டர் பார்க்கும், அரை ஓம்னு காட்டும், ஷார்ட்டுன்னு நினைச்சுடுவீங்க. அதே மாதிரி ஸ்பீக்கர் பின்பக்க டெர்மினல்ல அளந்தும் ட்வீட்டரை பத்தி ஒண்ணும் தெரியாது, நடுவுல கெப்பாசிட்டர் இருக்கு, டிசியை அது விடாது. பை-வயர் டெர்மினல் (பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் தனித்தனி ஜோடி) இருக்கிற ஸ்பீக்கர்ல மேல் ஜோடியில மீட்டர் வச்சுட்டு ஓப்பன் (கரண்ட் போக வழியே இல்ல) காட்டுது ட்வீட்டர் அவுட்டுன்னு முடிவு பண்றது அடிக்கடி நடக்குற தப்பு, நல்ல ட்வீட்டர் இருந்தாலும் அங்க ஓப்பன் தான் காட்டும்.

தனியா அளந்தா 8 ஓம் ட்வீட்டர் ஏறக்குறைய 5.5ல இருந்து 6.5 வரைக்கும் காட்டும், 4 ஓம் ட்வீட்டர் 3 ஓம் பக்கம், எழுதியிருக்கிற நம்பரை விட கம்மியா தான் வரும், அது சரியான ரீடிங் தான். ஓப்பன்னா ட்வீட்டருக்குள்ள டோமை அசைக்கிற காயிலோட வயர் எங்கயோ அறுந்திருக்கு. ரொம்ப கம்மியா காட்டுச்சுன்னா காயில் சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கலாம், அதுவும் சூட்டுல தான். ரீடிங் சரியா இருந்தும் சத்தம் வரலன்னா ரெண்டு மூணு வாய்ப்பு இருக்கு, கிராஸ்ஓவர்ல பிரச்சனை, இல்ல ஸ்பீக்கர் கீழ விழுந்து காந்தம் இடம் நகர்ந்து காயிலை இறுக்கி பிடிச்சிருக்கு, இல்ல உள்ள இருக்கிற திரவம் (அதை கீழ சொல்றேன்) காஞ்சு பசையாயிடுச்சு. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தா நல்ல டோம் ட்வீட்டர்ல டிக்குனு சத்தம் வரும், தொட்டு எடுக்கணும், பிடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. இந்த பேட்டரி விளையாட்டு ரிப்பன் ட்வீட்டர்ல (டோமுக்கு பதிலா மெல்லிசான உலோக நாடா இருக்கிற வகை) வேண்டாம், அந்த ரிப்பன் அவ்ளோ மெல்லிசு. பியேசோ ட்வீட்டர்ல காயிலே கிடையாது, அதுல மீட்டர் எப்பவும் ஓப்பன் தான் காட்டும், அதை வச்சு செத்துடுச்சுன்னு சொல்ல முடியாது.

இப்போ ஏன் எரியுதுன்னு சொல்றேன், இதை புரிஞ்சுக்கிட்டா தான் ஆம்ப் மாத்தணுமான்னு கேட்டதுக்கு பதில் கிடைக்கும். ஸ்பீக்கருக்கு நீங்க குடுக்கிற பவர்ல 100ல ஒரு பங்கு அளவுக்கு தான் சத்தமா மாறுது, மிச்சம் எல்லாம் காயில்ல சூடா தான் போகுது. வூஃபர்ல காயில் பெருசு, தாங்கும். ட்வீட்டர்ல டோமும் காயிலும் சேர்ந்தே அரை கிராம் கூட இருக்காது, வயர் தலைமுடி மாதிரி இருக்கும். பெட்டி மேல 100 வாட்னு எழுதியிருக்கிறது பாட்டை கணக்குல வச்சு எழுதினது, பாட்டுல பெரும்பங்கு பவர் கீழ் பக்கம் போயிடும், ட்வீட்டருக்கு வர்றது கொஞ்சம் தான், அந்த 100 வாட் ட்வீட்டருக்கு தொடர்ந்து உண்மையிலயே ஒரு 10, 15 வாட் குடுத்தாலே அது திணற ஆரம்பிச்சிடும்.

ஆம்ப் தன்னோட எல்லையை தொடுற வரைக்கும் எல்லாம் சரியா தான் இருக்கும். அதுக்கு மேல வால்யூமை திருப்பினா என்ன நடக்குதுன்னா பேஸ் அலையோட உச்சி வெட்டுப்படுது, அது ஏற்கனவே கூரையை முட்டிடுச்சு, அதுக்கு மேல வளர இடமில்ல, ஆனா ட்ரெபிள் சின்ன அலை, அதுக்கு இன்னும் இடம் இருக்கு, அது மட்டும் ஏறிக்கிட்டே போகுது. எல்லையை தாண்டி இன்னும் 10 டெசிபல் திருப்பினீங்கன்னா பேஸ் அங்கயே நிக்குது, ட்ரெபிளுக்கு போற பவர் பத்து மடங்கு வரைக்கும் போயிடலாம். பத்தாததுக்கு வெட்டுப்பட்ட அலையில இருந்து புதுசா வர்ற ஹார்மானிக்ஸும் (மேல் ஃப்ரீக்வென்சி துணை அலைகள்) ட்வீட்டருக்கே போய் சேருது. சின்ன ஆம்ப் தான் ட்வீட்டரை கொல்லும்னு சொல்றது பாதி உண்மை, பெரிய ஆம்பும் கொல்லும், கொல்றது எப்பவும் ட்வீட்டருக்கு சராசரியா போற பவரும் அது எவ்ளோ நேரம் போச்சுங்கறதும் தான். மெல்ல மெல்ல சத்தம் கரடுமுரடா ஆகுறது, கத்துற மாதிரி மாறுறது, இது காதுக்கு தெரியும், ஆனா கூட்டத்துல பேச்சு சத்தத்துக்கு நடுவுல யாரும் கவனிக்க மாட்டாங்க, ட்ரெபிள் நாபும் மேல ஏத்தி வச்சிருப்பாங்க. உங்க வீட்ல அன்னிக்கு நடந்தது பெரும்பாலும் இது தான்.

ஆனா பெரும்பாலும்னா எப்பவும் இல்ல. எனக்கு நடந்ததை சொல்றேன். என்கிட்ட ஒரு ஜோடி ஸ்பீக்கர், வலது ட்வீட்டர் போச்சு, நான் தான் சத்தமா வச்சிருப்பேன்னு நினைச்சு புதுசு போட்டேன், ஒரு வாரத்துல அதுவும் போச்சு, அது இருந்த நாள்ல நான் சத்தமா எதுவும் கேக்கவே இல்ல. மூணாவது போட்டுட்டு பாட்டு எதுவும் ஓடாம ஆம்பை மட்டும் ஆன் பண்ணி வச்சுட்டு உக்கார்ந்திருந்தேன், கொஞ்ச நேரம் கழிச்சு ஃபேஸ்பிளேட்ல விரல் வச்சா வெதுவெதுன்னு இருக்கு. அமைதியா இருக்கிற ரூம், ஒரு சத்தமும் இல்ல, ட்வீட்டர் மட்டும் சூடாகுது. உடனே ஆஃப் பண்ணிட்டு ஆம்பை ஆசிலோஸ்கோப்ல (அலையை திரையில காட்டுற கருவி) பார்த்தா அந்த ஒரு சேனல் காதுக்கு எட்டாத ஃப்ரீக்வென்சியில தானா ஆசிலேட் ஆகிக்கிட்டு, அதாவது பாட்டு இல்லாமலே அலையை உண்டாக்கிக்கிட்டு இருந்துச்சு. கெப்பாசிட்டருக்கு அது நல்ல திறந்த வழி, நேரா ட்வீட்டருக்கு அனுப்பியிருக்கு. ரெண்டு ட்வீட்டர் அநியாயமா போச்சு. அன்னில இருந்து யார் ட்வீட்டர் மாத்தணும்னு வந்தாலும் முதல்ல ஆம்பை பார்ப்பேன். உங்ககிட்ட ஸ்கோப் இல்லன்னாலும், புதுசு போட்டதும் பாட்டு இல்லாம ஒரு கால் மணி நேரம் ஆன்ல வச்சு ஃபேஸ்பிளேட் சூடாகுதான்னு தொட்டு பாருங்க, ரூம் சூட்டுல இருந்தா போதும்.

கிராஸ்ஓவரை முழுசா மாத்தணும்னு சொன்னதுக்கு வர்றேன், அது தேவையில்ல, பார்த்தா போதும். ட்வீட்டருக்கு சீரிஸ்ல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், 3.3, 4.7 மைக்ரோஃபாரட் மாதிரி மதிப்பு, கூடவே பெரும்பாலும் ஒரு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர். ரெசிஸ்டர் கருகியிருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, கீழ போர்டு பழுப்பா மாறியிருந்தாலோ அதுலயும் அளவு மீறி பவர் போயிருக்குன்னு அர்த்தம், அதே ஓம் அதே வாட்டேஜ்ல ஒண்ணு போடுங்க. சில சமயம் அந்த ரெசிஸ்டர் தான் ஓப்பன் ஆகியிருக்கும், ட்வீட்டர் நல்லாவே இருக்கும், ஒரு சின்ன ரெசிஸ்டரோட வேலை முடிஞ்சுடும். கெப்பாசிட்டர் நான்-போலார் (ப்ளஸ் மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக்கா இருந்து ஸ்பீக்கருக்கு 25, 30 வருஷம் ஆயிருந்தா மாத்துறது நல்லது, காயக் காய மதிப்பு நகரும், ட்ரெபிள் மந்தமாகும். அதே மதிப்புல ஃபிலிம் கெப்பாசிட்டர் போடலாம், ட்ரெபிள் ஒரு துளி தூக்கலா தெரியலாம், அப்போ சீரிஸ்ல அரை ஓம் போல சேர்த்தா சரியாகும். ப்ளஸ் மைனஸ் போட்ட சாதா எலக்ட்ரோலிட்டிக் அங்க போடவே கூடாது. பெரிய மதிப்பு போட்டா ட்ரெபிள் நல்லா வரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது ட்வீட்டரை அது தாங்காத கீழ் ஃப்ரீக்வென்சிக்கு இழுத்துட்டு போகும், அடுத்த விசேஷத்துல திரும்ப அதே கதை.

மீட்டர் ஓப்பன் காட்டுச்சுன்னா உடனே குப்பையில போடாதீங்க, லென்ஸ் வச்சு பாருங்க. டெர்மினல்ல இருந்து டோம் ஓரத்துக்கு ஒரு மெல்லிசான வயர் போகும், அது அசைஞ்சு அசைஞ்சு சாலிடர் பண்ணின இடத்துல அறுந்திருக்கும், இல்லன்னா பச்சை பூத்து துண்டாயிருக்கும். அந்த மாதிரி வெளிய தெரியுற இடத்துல அறுந்திருந்தா காப்பாத்தலாம், முனையில இருக்கிற எனாமலை பிளேடால மெதுவா சுரண்டி, ஃப்ளக்ஸ் தொட்டு, ஒரு முடி மாதிரி வயர் துண்டு சேர்த்து சாலிடர் பண்ணணும், அயர்னை ரெண்டு செகண்டுக்கு மேல வைக்கக் கூடாது, டெர்மினல் பிளாஸ்டிக் உருகினா வேற வேலை ஆயிடும். டோமை எடுத்து பார்க்கிற மாதிரி டிசைனா இருந்தா காயிலை பாருங்க, செம்பு நிறம் போய் கறுத்து, ஃபார்மர் (காயில் சுத்தியிருக்கிற சின்ன குழாய்) கருகி, ஒரு மாதிரி வார்னிஷ் தீஞ்ச வாசனை வந்தா அதை சரி பண்ண முடியாது.

சூட்டால எரியாம மந்தமா மட்டும் இருக்கிற பழைய ட்வீட்டர்ல ஃபெர்ரோஃப்ளூயிட் காஞ்சிருக்கும். காந்த இடைவெளியில விடுற கறுப்பு எண்ணெய் மாதிரி திரவம் அது, 1963ல நாசாவுல ஸ்டீவ் பாப்பெல் ராக்கெட் எரிபொருளுக்காக யோசிச்ச விஷயம், அப்புறம் ஸ்பீக்கர்காரங்க காயில் சூட்டை வெளிய கடத்த எடுத்துக்கிட்டாங்க. வருஷக்கணக்குல அது கெட்டியாகி தார் மாதிரி ஆனா டோம் அசையாது. டோமை கழட்டி, அந்த இடைவெளியில மெல்லிசான அட்டை துண்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்சு விட்டு விட்டு, அட்டை சுத்தமா வர்ற வரைக்கும் துடைக்கணும், முதல் நாலஞ்சு அட்டை கறுப்பு பசையா வரும், பொறுமை வேணும். அப்புறம் அந்த ட்வீட்டருக்கு சொன்ன அளவு புது திரவம் விட்டா பல ட்வீட்டர் புதுசு மாதிரி ஆயிடும். ரெண்டு பக்கமும் சேர்த்து பண்ணுங்க.

வலது பக்கம் குழந்தை அழுத்தின டோம் துணியா உலோகமான்னு நீங்க சொல்லல. பட்டு மாதிரி துணி டோம்னா கவலைப்படாதீங்க, பெரும்பாலும் நிமிர்ந்துடும். வாக்யூம் கிளீனரை குறைஞ்ச வேகத்துல வச்சு, குழாய் முனையை விரல்களால சுத்தி இடைவெளி விட்டு பிடிச்சு, தூரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வாங்க, டோம் டப்புனு வெளிய வந்ததும் எடுத்துடுங்க. முழு உறிஞ்சலை நேரா வச்சா டோம் காயிலோட பிரிஞ்சு வந்துடும், அதுக்கு மருந்து கிடையாது. அலுமினியம் டைட்டேனியம்னா மடிப்பு விழுந்த கோடு போகாது, ஒட்டுற டேப்பை லேசா வச்சு இழுத்தா ஓரளவு வரும், ரொம்ப முயற்சி பண்ணினா கிழியும். அட்டைக்குழாய் வச்சு கேட்டு கரகரப்பு இல்லன்னா, இடதோட ஒப்பிட்டா வித்தியாசம் தெரியலன்னா அப்படியே விட்டுடுங்க, கண்ணுக்கு தான் உறுத்தும், காதுக்கு இல்ல. பெரிலியம் டோம் மட்டும் தனி, உடைஞ்சிருந்தா தொடாதீங்க, ஊதாதீங்க, அந்த தூள் நுரையீரலுக்கு விஷம், டேப்பால மூடிட்டு கம்பெனிக்காரங்ககிட்ட எப்படி அனுப்பணும்னு கேளுங்க.

கடைசியில இடது ட்வீட்டர் நிஜமாவே எரிஞ்சிருந்தா முதல் தேர்வு அதே கம்பெனி அதே மாடல், சிலதுக்கு டோமும் காயிலும் சேர்ந்த டயஃப்ரம் மட்டும் தனியா கிடைக்கும், அது இன்னும் நல்லது. அதே மாடல் கிடைச்சா ஒண்ணு மாத்தினா போதும், ரெண்டும் மாத்தணும்னு கட்டாயம் இல்ல. கிடைக்காம வேற மாடல் போடறதா இருந்தா ரெண்டு பக்கமும் மாத்தித்தான் ஆகணும், அப்போ ஓட்டை அளவும் ஸ்க்ரூ இடமும் மட்டும் பார்க்காம ஓம், சென்சிட்டிவிட்டி (அதே பவருக்கு எவ்ளோ சத்தம் தருது), ரெசோனன்ஸ் ஃப்ரீக்வென்சி (ட்வீட்டர் தானா அதிர்ற ஃப்ரீக்வென்சி) மூணையும் பாருங்க. ரெசோனன்ஸ் கிராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சில பாதிக்கு கீழ இருக்கணும். புதுசு 3 டெசிபல் தூக்கலா இருந்தா அடக்கிக்கலாம், 8 ஓம் ட்வீட்டருக்கு சீரிஸ்ல 2.2 ஓம், ட்வீட்டருக்கு பேரலலா 20 ஓம் போல, ஆனா குறைஞ்ச சென்சிட்டிவிட்டியை ஏத்த வழி இல்ல, அதனால சந்தேகம்னா தூக்கலா இருக்கிறதை வாங்குங்க.

ஆம்ப் மாத்தணுமான்னு கேட்டதுக்கு, ஆம்ப் சும்மா இருக்கும்போது ட்வீட்டரை சூடாக்கலன்னா மாத்த வேண்டாம், எந்த வால்யூம்ல சத்தம் கரடுமுரடா ஆக ஆரம்பிக்குதுன்னு ஒரு தடவை கவனிச்சு நாப்ல ஒரு சின்ன புள்ளி வச்சுக்கோங்க, ஆள் கூடுற நாள்ல அந்த புள்ளியை தாண்ட விடாதீங்க. முதல்ல வயர் கழட்டிட்டு இடது ட்வீட்டர்ல எத்தனை ஓம் வருதுன்னு அளந்து சொல்லுங்க, வலது டோம் துணியா உலோகமான்னும் சொல்லுங்க, அதுக்கப்புறம் எதை வாங்கணும்னு பார்க்கலாம்.